ஒளியை முறுக்கியவன்

1998ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு முற்பகல். கொம்பையா தன் களத்தில் உளுந்தஞ்செடியைப் பரப்பி மாடுகளை மிதிக்க விட்டிருந்தபோது, தென்பிராந்திய ஒளியிழை வாரியத்தின் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். முதலில் இறங்கியவர் வாரியத்தின் கோவில்பட்டி அலுவலக இயக்குநர் மாயகிருஷ்ணன். அவருக்குக் குடை பிடித்துக்கொண்டே இறங்கியவர் எழுத்தர் தவசி. மூன்றாவதாக இறங்கிய இளம் பொறியாளர் யோகலட்சுமி, ஜீப்பை ஒட்டியே நின்றுகொண்டாள்.

இயக்குநர் யாரிடமும் பேசாமல் மாடுகள் இரண்டு சுற்று வரும்வரை பார்த்தார். பிறகு விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார்.

"எந்தப் பக்கமா சுத்துது, தவசி?"

"இடப்பக்கமா சார்."

"எழுது."

கொம்பையா தலைத்துண்டை அவிழ்த்தபடி வந்தான். எப்போதும்வென்றானுக்குத் தெற்கே முப்பது வீடுள்ள அந்த ஊரில் அவனுக்கு மூன்று ஏக்கர் கரிசலும் ஒரு ஜோடி மாடும் இருபத்தேழு ஆடும் இருந்தன. நாற்பத்தைந்து வயதில் முதல் முறையாக அவனைத் தேடி ஒரு ஜீப் வந்திருந்தது.

"யாரத் தேடுதீங்க சார்?"

"எத்தனை வருஷமா இப்படிச் சுத்துது?"

"எது சார்?"

"மாடு."

"எங்கய்யா காலத்துலருந்து இப்படித்தான் சார். மாடுதான் மாறிருக்கு."

"பரம்பரையாகச் செய்துவருகிறார் என்று எழுது," என்றார் இயக்குநர். தவசி எழுதி, கொம்பையாவின் பெருவிரலை மையில் அமுக்கி, தாளில் பதித்துக்கொண்டார். ஜீப் போய்விட்டது. மாடுகள் தாமாகவே நின்றுவிட்டிருந்தன.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மணியாச்சியிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் வாரியம் ஒரு கேபிளைப் புதைத்திருந்தது. நாற்பத்தெட்டு கிலோமீட்டர். கேபிளுக்குள்ளே தலைமுடி கனத்தில் கண்ணாடி இழைகள், இழைக்குள்ளே வெளிச்சம், வெளிச்சத்தில் ஏறிப் போன் பேச்சு போகும் என்று சொன்னார்கள். கொம்பையாவின் களத்துக்கு நேர் கீழே அது போயிற்று. களத்தின் இரண்டு பக்கமும் 117, 118 என்று எண் போட்ட கற்களை நட்டார்கள். ஊருக்கும் போன் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. பிறகு மறந்துபோனார்கள்.

வாரியம் மறக்கவில்லை. அந்தத் தை மாதம் சென்னையிலிருந்து கோவில்பட்டி அலுவலகத்துக்குத் தளவிளைவுமானி என்று ஓர் இயந்திரம் வந்திறங்கியது. ஒளி ஓடிவரும்போது எந்தப் பக்கமாக அதிர்ந்துகொண்டு வருகிறது என்று கண்டுபிடித்து, ஓடும் காகிதச் சுருளில் ஒரு முள்ளால் கோடு போட்டுக் காட்டும் இயந்திரம். அதை யாரும் கேட்டிருக்கவில்லை. வந்துவிட்டதால் பொருத்தினார்கள். மணியாச்சியில் நெட்டுக்கு அதிரும்படி அனுப்பிய ஒளி, கோவில்பட்டிக்கு வரும்போது முப்பத்தொரு டிகிரி இடப்பக்கம் சாய்ந்து வருவதாக அது காட்டியது. சாய்ந்து வரும் ஒளியைப் பெற்றுக்கொள்ள வாரியத்தின் விதிகளில் இடமில்லை.

பங்குனி முதல் வாரத்தில் கொம்பையாவுக்குச் சம்மன் வந்தது. வாரியத்தின் அலுவலகம் முன்பு தீப்பெட்டிக் கம்பெனியின் குடோனாக இருந்த கட்டிடம். சுவரில் இன்னும் மருந்து வாடை அடித்தது. இயக்குநரின் மேசைக்கு முன்னால் ஒரு ஸ்டூல் கிடந்தது. அதில் உட்காரச் சொன்னார்களா, நிற்கச் சொன்னார்களா என்று தெரியாமல் கொம்பையா அதைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

"பாரும் கொம்பையா," என்றார் இயக்குநர். நல்ல, கனிவான குரல் அவருக்கு. "மணியாச்சியில் நாங்கள் ஒளியை நிமிர்த்தி அனுப்புகிறோம். இங்கே சாய்ந்து வருகிறது. நடுவில் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். அந்த நாற்பத்தெட்டிலும் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. எங்கள் ஆளே இல்லாத இடத்தில் நடந்த தப்பு எங்கள் தப்பாக இருக்க முடியுமா? எங்கள் ஆள் இருக்கிற இடத்தில் தப்பு நடப்பதே இல்லை. நடந்தால் நாங்கள் எழுதுவதில்லை."

"சரி சார்."

"இழையை முறுக்கினால் ஒளி திரும்பும். இது விஞ்ஞானம். முறுக்குவதற்குச் சுற்ற வேண்டும். நாற்பத்தெட்டு கிலோமீட்டரும் ஜீப்பில் போய்ப் பார்த்தேன். கேபிளுக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது நீர் ஒருவர்தான்."

"மாடு மேலல்லா சார் சுத்துது. கேபிளு ஓராள் ஆழத்துல கெடக்கு."

"ஆழத்தை எப்படித் தெரிந்துவைத்திருக்கிறீர்?" என்று இயக்குநர் கேட்டார். தவசி எழுதினார்.

கொம்பையா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டான். "போன் எதுவும் கெட்டுப்போச்சா சார்?"

"போன் நன்றாக இருக்கிறது. அதுதான் என் கவலை. இவ்வளவு பெரிய குற்றம் நடந்தும் போன் நன்றாக இருக்கிறது என்றால், செய்தவன் எப்பேர்ப்பட்டவனாக இருக்க வேண்டும்!"

அன்றே உத்தரவு தயாராகிவிட்டது. இடப்பக்கம் சுற்றிய பாவத்தை வலப்பக்கம் சுற்றித் தீர்க்க வேண்டும். நாலாயிரத்து முந்நூற்று எண்பது சுற்று. களத்தில் மிதிக்க எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அது விவசாய வேலை ஆகிவிடும். எண்ணுவதற்குத் தவசி வருவார்.

தவசி வந்தார். வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு சுற்றுக்கு ஒரு கோடு வீதம் போட்டார். கொம்பையா வெறும் களத்தில் மாடுகளை ஓட்டினான். பிறந்ததிலிருந்து இடப்பக்கமே சுற்றிப் பழகிய மயிலைக் காளை உள்வட்டத்து மாடு. இப்போது அது வெளிவட்டத்தில் நீட்டி எட்டுவைத்து நடக்க வேண்டியிருந்தது. மிரண்டு மிரண்டு நின்றது. நிற்பதைச் சுற்றில் சேர்க்க முடியாது என்று தவசி மறுத்துவிட்டார். பங்குனி வெயிலில் களம் தகித்தது. குளம்பு வெடித்து ரத்தம் வந்த பிறகும் அது நடந்தது. ஒன்பதாம் நாள் மூவாயிரத்து இருநூற்றுப் பதினாறாவது சுற்றில் கால் மடக்கிப் படுத்தது. அப்புறம் எழுந்திருக்கவில்லை.

மீதிச் சுற்றுகளைக் கொம்பையாவே நுகத்தடியில் தோள் கொடுத்துச் சுற்றி முடித்தான். ஊரே தெருமுனையில் நின்று பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், தவசி சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில், யோகலட்சுமி தனியாக பஸ் ஏறி வந்தாள். மாடு செத்துக் கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல," என்றாள். "ஒரு கயித்தோட நுனியப் புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினா அலை ஓடும்லா? பக்கவாட்டுல ஆட்டினாலும் ஓடும். ஒளியும் அப்படித்தான் ஏதாவது ஒரு பக்கமா ஆடிக்கிட்டு ஓடும். இழைய முறுக்கினா அந்த ஆட்டமும் கூடவே கொஞ்சம் திரும்பும். கொஞ்சந்தான். இழைய பன்னண்டு பதிமூணு தடவ முழுசா முறுக்கினாத்தான் ஆட்டம் ஒரு சுத்து திரும்பும்."

"அப்ப முறுக்கினது யாரும்மா?"

"கேபிளு மர உருளையில சுத்தி வரும். உருளைய நிமித்தி வச்சு உருட்டி உருட்டி எடுக்கணும். காண்ட்ராக்டர் ஆளுக படுக்கப் போட்டு வளையம் வளையமா மேல தூக்கி எடுத்துட்டாங்க. ஒரு வளையத்துக்கு ஒரு முறுக்கு. ஒரு உருளைக்கு நானூறு முறுக்கு. அதோட இந்தக் கரிசல் காஞ்சா வெடிக்கி, நனைஞ்சா உப்புது. அதும் சேந்து அழுத்தித் திருகுது. மாடு எங்க திருகும்?"

"இத அவியகிட்டச் சொல்லலாமே."

"காண்ட்ராக்டர் டைரக்டரோட மருமகன்." அவள் குரல் தாழ்ந்தது. "இன்னொண்ணும் கேளுங்க. போனுக்கு இதுனால ஒண்ணுமே இல்ல. ஒளி வந்துச்சா வரலையான்னுதான் போன் பாக்கும். எந்தப் பக்கமா ஆடுதுன்னு அதுக்குக் கவலையில்ல."

கொம்பையா உடம்பில் அதுவரை இருந்த வலி அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. ஒன்றுமில்லாத ஒன்றுக்காக ஒரு மாடு செத்திருக்கிறது.

சித்திரை வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்தது. முப்பத்தொரு டிகிரி சாய்ந்திருந்த ஒளி இருபத்தொன்பதுக்கு வந்தது. வலப்பக்கச் சுற்று வேலைசெய்துவிட்டது என்று கோவில்பட்டி அலுவலகத்தில் கடலைமிட்டாய் கொடுத்தார்கள். கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் தவசி ஒரு விஷயத்தைச் சொன்னார். களத்தில் மாடுகள் நடந்த ஒன்பது நாளும் காகிதச் சுருளில் கோடு நேராக இல்லை. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு சின்ன நடுக்கம் விழுந்திருந்தது.

இயக்குநர் வாயில் போட்ட மிட்டாயை மெல்லாமல் நின்றார்.

"மாடு தெரிந்தால் மனிதன் தெரிவானா?"

"தெரியலாம் சார். மண்ணு அதிர்ந்தா இழை அசையும், இழை அசைஞ்சா ஒளி திரும்பும்னு யோகலட்சுமி மேடம் சொல்லுதாங்க."

"அப்படியானால் இத்தனை நாள் நாம் குருடர்களாக இருந்திருக்கிறோம்," என்றார் இயக்குநர். அன்றிலிருந்து அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது. அலுவலகத்தில் எல்லாரும் அதைக் கவனித்தார்கள்.

வைகாசியில் முதல் நோட்டீஸ் வந்தது. சம்பந்தப்பட்டவர் வாழும் தெருவில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. தவசி ஊர்க்கிணற்றுக்குப் பக்கத்தில் நின்று படித்தார்.

"நாள் பதினாலு. காலை மணி ஐந்து பத்து. கல் எண் நூற்றுப் பதினேழுக்கும் நூற்றுப் பதினெட்டுக்கும் இடையில் ஒரு நபர். எடை சுமார் ஐம்பத்திரண்டு கிலோ. நடந்து வந்து ஆறு நிமிடம் அசையாமல் இருந்து திரும்பிச் சென்றுள்ளார். ஒளி அரை டிகிரி திரும்பியுள்ளது. நபர், கொம்பையா மனைவி வெயிலுகந்தம்மாள் என்று சந்தேகிக்கப்படுகிறது. ஆறு நிமிடம் அசையாமல் இருந்ததற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

கிணற்றடியில் குடத்தோடு நின்ற பெண்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அந்த ஊரில் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. விடிவதற்கு முன்னால் இருட்டில் காட்டுக்குப் போய்வருவதுதான் பெண்களுக்கு இருந்த ஒரே வழி. அந்த இருட்டை இதுவரை யாரும் எண்ணியதில்லை.

வெயிலுகந்தம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"காரணந்தான வேணும்? ஒங்க வீட்டுப் பொம்பளையளு காலையில எங்கன போவாவன்னு கேட்டு, அதையே எழுதிக்கிடும்."

தவசி எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது: "விளக்கம் திருப்திகரமாக இல்லை."

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் நோட்டீஸ் வந்தது. இன்னார், இத்தனை மணிக்கு, இத்தனை நிமிடம். பெயர் தெரியாதபோது எடை மட்டும். பெண்கள் கேபிள் போகாத திசையில் இரண்டு மைல் நடந்து போனார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கேபிள் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு வந்ததும் அதையும் நிறுத்தினார்கள். வீட்டுக்குள்ளேயே மெல்ல நடந்தார்கள். உரலில் இடிக்கப் பயந்து மாவை எப்போதும்வென்றான் மில்லில் கொடுத்தார்கள். ஒரு கைக்குழந்தை தொட்டிலில் வீறிட்டு அழுதபோது, தொட்டிலை ஆட்டலாமா என்று அதன் தாய் கொம்பையாவிடம் வந்து கேட்டாள்.

அடுத்த வீட்டுச் சங்கரம்மாள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். மூன்று முறை அவள் பெயர் தெருவில் படிக்கப்பட்டது. அவள் பகலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். பிறகு ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள். ஆனி மாதம் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே விழுந்தாள். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில், தண்ணீர் இல்லாமல் சிறுநீரகம் கெட்டிருக்கிறது, இன்னும் ரெண்டு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார்கள். பதினொரு நாள் கழித்து அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இங்கன நடக்கலாமா?"

அதற்கு மேல் யோகலட்சுமியால் பொறுக்க முடியவில்லை. ஆடி மாதம் நடந்த விசாரணையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். உருளை மண்ணில் படுத்துக் கிடக்க, ஆட்கள் அதிலிருந்து வளையம் வளையமாகக் கேபிளைத் தூக்கி எடுக்கிற போட்டோவை மேசைமேல் வைத்தாள். கொம்பையா கை கூப்பிக்கொண்டு அவளையே பார்த்தான். விஷயம் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் அவன் நினைத்தான்.

இயக்குநர் போட்டோவைக் கண்ணாடி மாட்டிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"உருளை படுத்திருப்பது உண்மைதான்," என்றார். "நான் எதையும் மறைப்பவன் அல்ல. ஆனால் பின்னால் தேதி இருக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வாரியத்துக்கு விடுமுறை. விடுமுறை நாளில் நடந்த வேலை வாரியத்தின் வேலை ஆகாது. ஆகவே இந்தக் கேபிளை வாரியம் இன்னும் புதைக்கவே இல்லை. புதைக்காத கேபிளில் எங்கள் முறுக்கு எப்படி இருக்கும்?"

"சார், கேபிள் புதைக்கலைன்னா அதுல ஒளி எப்படி சார் போகுது?" என்று யோகலட்சுமி கேட்டாள்.

"அதையும் விசாரிப்போம்," என்றார் இயக்குநர். கொம்பையாவின் பக்கம் திரும்பினார். "கேட்டீரா? உம்மேல் இன்னொன்றும் சேர்கிறது."

பிறகு அவர் கனிவாகவே பேசினார். "அம்மா, நீங்கள் படித்தவர். ஒளியைப் புரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். வாரியம் ஒளியைப் புரிந்துகொள்வதற்காக வைத்ததல்ல. ஒளி வந்த விவரத்தை மேலே அனுப்புவதற்காக வைத்தது. இருபத்தாறு வருஷ சர்வீசில் நான் எதையும் புரிந்துகொண்டதில்லை. அதனால்தான் என்மேல் ஒரு குறிப்புகூடக் கிடையாது."

விசாரணை முடிவதற்குள் அவளுடைய மாறுதல் உத்தரவை டைப் அடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். வாரியத்தின் கேபிள் இன்னும் போய்ச் சேராத ஒரு மலை ஊர். அங்கே அலுவலகம் மட்டும் இருந்தது. வாசலில் கொம்பையா நிற்பதைப் பார்த்து அவள் ஏதோ சொல்ல வந்தாள். தவசி பின்னாலேயே வந்ததால், "வாரேன் அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் பெய்தது. வெடித்துக் கிடந்த கரிசல் தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பி, விரிசலெல்லாம் மூடிக்கொண்டது. வழக்கமாகச் சந்தோஷப்படுகிற காலம். கோவில்பட்டியில் தளவிளைவுமானியின் முள் இடமும் வலமும் போய், கடைசியில் காகிதத்தை விட்டே வெளியே போய் மேசையைக் கீறியது. தவசி உட்கார்ந்து கணக்குப் போட்டார். மணியாச்சிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், நாற்பத்தெட்டு கிலோமீட்டர் நீளத்துக்கும், ஒரே சமயத்தில், ஒன்பதாயிரம் டன் எடையுள்ள யாரோ மிக மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள்.

இயக்குநர் அன்று முழுவதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் ஜீப் சேற்றில் சறுக்கிச் சறுக்கி வந்து கொம்பையாவை ஏற்றிப்போயிற்று.

"யார் அது?" என்று இயக்குநர் கேட்டார். கண்கள் சிவந்திருந்தன.

"மழை சார். மண்ணு உப்புது."

"மழைக்கு விலாசம் உண்டா?"

"இல்ல சார்."

"தகப்பன் பெயர்?"

"இல்ல சார்."

"அப்புறம் எப்படி அதன்மேல் நடவடிக்கை எடுப்பது?" என்றார் இயக்குநர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "எடுக்க முடிகிறவர்கள்மேல்தான் எடுக்க முடியும். வாரும்."

குடோனின் தரை முழுக்கக் காகிதச் சுருளை விரித்துப் போட்டிருந்தார்கள். ஆறு மாதத்துக் கோடு. கோட்டில் ஆயிரக்கணக்கான நடுக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாளும் மணியும் எழுதி, பெயருக்கு இடம் விட்டிருந்தது.

"உம் ஊர்க்காரர்கள் நடை உமக்குத் தெரியும். ஆடு மேய்க்கிறவர், காலடிச் சத்தத்தை வைத்தே ஆள் சொல்வீராம். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லும். பெயர் வந்த குடும்பங்களையெல்லாம் ஊரைவிட்டுக் காலிசெய்ய உத்தரவு தயாராக இருக்கிறது. போலீசுக்கும் சொல்லியாயிற்று. பெயர் மட்டும்தான் பாக்கி. உம்மை விட்டுவிடுகிறேன். களம் உம்முடையது. நிலம் உம்முடையது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளும்."

கொம்பையா முட்டி போட்டு உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்தான். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல விளங்க ஆரம்பித்தது. கிட்டக் கிட்ட விழுந்த சின்ன நடுக்கம் சங்கரம்மாள். ஆனி மாதத்துக்கு அப்புறம் அது இன்னும் கிட்டக் கிட்ட, நின்று நின்று போயிற்று. ஒன்றின் பின் ஒன்றாக ஓடுகிற இரண்டு கோடு பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள். கனமாக அழுந்தி அழுந்திப் போனது விறகுச் சுமையோடு ஒருத்தி. ஊர் முழுக்க அந்தத் தரையில் நடந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு வீடு நின்றுவிடும்.

இந்த இயந்திரத்துக்கு யாரையும் தெரியாது, தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்பது அவனுக்குப் புரிந்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"வைகாசி பதினாலு, அஞ்சு பத்து. யாரு?" தவசி பேனாவோடு நின்றார்.

"நான்தான் சார்."

"எடை குறையுதே?"

"அன்னைக்குச் சாப்பிடல."

"வைகாசி இருபது?"

"நான்தான்."

"ஆனி ரெண்டு. இங்க நாலு பேரு சேந்து போயிருக்காங்க."

"நாலும் நான்தான் சார்."

தவசி இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். எழுது என்று அர்த்தம்.

"ஆனி ஒம்பது, காலை ஆறு மணி, கல் நூத்திப் பதினேழு. அதே ஆறு மணி, கல் நூத்தி அம்பது. நடுவுல அஞ்சு மைலு."

"அங்கனயும் நான்தான் சார்."

சாயங்காலம் வரை கேட்டார்கள். கொம்பையா சொன்னான். தொண்டை கட்டியதும் தலையை மட்டும் ஆட்டினான். கடைசியில் தவசி தயங்கித் தயங்கி அந்த மழை நாட்களின் பக்கத்துக்கு வந்தார். காகிதம் கிழிந்திருந்தது.

"ஒன்பதாயிரம் டன்," என்றார் இயக்குநர், கண்ணைத் திறக்காமல்.

"நான்தான் சார்," என்றான் கொம்பையா.

அலுவலகத்தில் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. முப்பது வீட்டைக் காலிசெய்வது என்றால் முப்பது கோப்பு. இப்போது ஒன்று போதும். ஒரே குற்றவாளி, ஒரே கைநாட்டு. இயக்குநர் எழுந்து வந்து கொம்பையாவின் தோளைத் தட்டினார். "ஒத்துழைத்ததற்கு நன்றி. நீர் ஒரு நல்ல குடிமகன்."

அவனைச் சிறைக்கு அனுப்ப அவர்களுக்கு மனமில்லை. ஜெயில் வேறு இலாகா; அனுப்பினால் கோப்பும் அங்கே போய்விடும். ஆகவே கொம்பையா ஏழாம் இணைப்பாகக் கோப்போடு சேர்க்கப்பட்டான். கோப்பு அலுவலகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. ஒளி நேராகும்வரை கோப்பு திறந்திருக்கும் என்றும் உத்தரவில் எழுதியிருந்தது. கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். ஒரு வருஷம்கூடச் சும்மா இருந்ததில்லை. அதைப் பற்றி உத்தரவில் எதுவும் இல்லை. குடோனின் பின்னறையில், மற்ற ஆறு இணைப்புகள் இருந்த அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவனுக்குப் பாய் போட்டார்கள். ஆடுகளை ஊர்க்காரர்கள் முறை வைத்து மேய்த்தார்கள்.

நோட்டீஸ் வருவது நின்றது. யார் நடந்தாலும் பதிவேட்டில் கொம்பையா என்றே எழுதினார்கள். இரண்டு வருஷம் போயிற்று. இயக்குநருக்குப் பதவி உயர்வு வந்து சென்னைக்குப் போனார். புதிதாக வந்தவர் கோப்பைப் பிரித்துப் பார்த்து, இணைப்புகள் ஏழும் சரியாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமைதோறும் வெயிலுகந்தம்மாள் சோறு கட்டிக்கொண்டு வருவாள். இணைப்பைப் பார்க்க அரை மணி நேரம்தான் அனுமதி. தவசி பக்கத்திலேயே நிற்பார்.

"சங்கரம்மா எப்படி இருக்கா?" என்று கொம்பையா கேட்பான்.

"நல்லாருக்கா. திரும்ப வேலைக்குப் போறா. பிள்ளையளு எல்லாம் தெருவுல ஓடுதுவ." அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவாள். "காலையில எல்லாரும் பயமில்லாமப் போயிட்டு வாராவ. ஒன் பேரச் சொல்லித்தான் போறாவ."

"சரி. நீ கெளம்பு. மூணே முக்கால் பஸ்ஸ விட்டுராத."

அவள் போன பிறகு அவன் முன்னறைக்கு வந்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்காருவான். தவசி தடுப்பதில்லை. பஸ் எட்டயபுரம் போக முக்கால் மணி நேரம் ஆகும். அங்கே மாறி எப்போதும்வென்றான் போய்ச் சேர அஞ்சு மணி. அங்கிருந்து காட்டுவழி நடை. முள் காகிதத்தில் ஆடாமல் கோடு இழுத்துக்கொண்டிருக்கும். அந்தக் கோட்டை விட்டு அவன் கண்ணை எடுப்பதில்லை.

அன்றைக்கும் ஐந்தே முக்காலுக்கு முள் லேசாக நடுங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. சீரான, களைத்த எட்டுகள். களத்தைத் தாண்டி வீட்டுப் பக்கம் போய் நின்றன. கொம்பையா மூச்சை விட்டான்.

தவசி பேனாவைத் திறந்தார். "யாருய்யா இது?"

"நான்தான் சார்," என்றான் கொம்பையா. "வீடு போய்ச் சேந்துட்டேன். எழுதிக்கிடுங்க."